வெள்ளிக்கிழமை ஓடக்கூடாத பஸ்

செட்டிவிளைக்கு ரோடு பிரிகிற விலக்கு வரைக்கும் நடந்தால் போதும், பஸ் கடற்கரையில் திரும்பி அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும், நடுரோட்டில் நின்று கையைக் காட்டினால் ஜெபராஜ் நிறுத்திவிடுவான், நிறுத்தாமல் என்ன செய்வான், அக்கா புருஷன் மேலேயா ஏற்றுவான் என்று சொல்லிக்கொண்டே பால்துரை நடந்தார். சொல்லி வாய் மூடுவதற்குள், ஏற்றினாலும் ஏற்றுவான் என்று உள்ளுக்குள் இன்னொரு குரல் சொன்னது. அந்தக் குரலுக்கு வேறு வேலை கிடையாது. யூனியன் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்துப் பேசும்போதும் அது பின்னால் நின்று தொண்டையைச் செருமும். வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் தேரி மணல் செக்கச்செவேலென்று கிடந்தது, பனைகளுக்கு நடுவில் ஒரு சத்தம் இல்லை. இந்த ரோட்டில் இப்படி ஒரு ஏற்றம் இருப்பது நேற்றுவரை அவர் காலுக்குத் தெரியாது. கியரை ஒன்று குறைத்தால் முடிந்துபோகிற ஏற்றம் அது. இப்போது முழங்கால் இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதே தடத்தில் ஓட்டுகிறவர், பஸ் நிறைய ஆளை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வளைவு ஒடிக்கிறவர், ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்ட வராது. சைக்கிளும் வராது. இரண்டே சக்கரத்தில் ஒரு மனுஷன் எப்படி விழாமல் போகிறான் என்பது அவருக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட ஒரு ஆள் பாக்கியில்லாமல் எல்லோரும் கல்யாண மண்டபத்தில் இருந்தார்கள்.

கல்யாண மண்டபம் என்றால் கல்யாணம் இல்லை, கைது. ஸ்ட்ரைக் அன்றைக்குக் காலையில் டிப்போ வாசலில் மறியல், கோஷம், தள்ளுமுள்ளு மாதிரி ஒன்று, அப்புறம் போலீஸ் வேன், வேனிலிருந்து மண்டபம். மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம். அதைத் தின்றுவிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில் துண்டை விரித்துப் படுத்தால், சாயந்தரம் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். எந்த வருஷத்து ஸ்ட்ரைக்கானாலும் இதுதான் முறை. முந்தின நாளே இன்ஸ்பெக்டர் போன் பண்ணி, நாளைக்கு எத்தனை பேர் கைதாவீங்க, சாப்பாட்டுக்குச் சொல்லணும் என்று கேட்பார். கிளைச் செயலாளர் என்கிற முறையில் பால்துரைதான் பதில் சொல்வார். நேற்றும் சொன்னார். சொல்லிவிட்டு இன்றைக்கு வேனில் ஏறாமல் நழுவி வந்திருக்கிறார், அவர் பொட்டலம் அங்கே அநாதையாகக் கிடக்கும். வேன் படியில் காலை வைக்கப்போன நேரத்தில்தான் மெக்கானிக் ஒருவர் வந்து காதைக் கடித்தார். நாம வாசலுக்கு வர்றதுக்கு முந்தியே விடியக்காலையில ஒரு வண்டிய வெளிய எடுத்துட்டாவ, உம்ம வண்டிதான், உம்ம தடத்துலதான், ஓட்டிக்கிட்டுப் போனது உம்ம மச்சினன். காதைக் கடித்தார் என்று பேர்தானே தவிர வேனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். யாராவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொருளாளர் மட்டும் கம்பி வழியாகத் தலையை நீட்டி, சொந்தக்காரப் பையன், நீங்களே பாத்துக்கிடுங்க என்றார். நீங்களே பாத்துக்கிடுங்க. அதில் மரியாதை இருந்ததா, நக்கல் இருந்ததா? முதல் பனங்கூட்டம் வரைக்கும் மரியாதை என்று வைத்துக்கொண்டு நடந்தார். அதைத் தாண்டியதும் நக்கல்தான் என்று பட்டது. அப்புறம் பொருளாளரின் மூக்கு ஞாபகம் வந்தது, அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவர் எதைச் சொன்னாலும் நக்கல் மாதிரிதான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

நோட்டீஸில் அடையாள வேலைநிறுத்தம் என்று போட்டிருந்தது. நாடு முழுக்க ஒரு நாள், பஸ், லாரி, ஆட்டோ, பேங்க், தபால், துறைமுகம் எல்லாம் நிற்கும். தொழிலாளர் சட்டத்தில் கை வைக்காதே, பஸ்ஸைத் தனியாரிடம் கொடுக்காதே, தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கு. இந்தக் கடைசிக் கோரிக்கையை வாசிக்கும்போதெல்லாம் பால்துரைக்கு ஜெபராஜின் முகம்தான் தெரியும். அவனுக்காகத்தான் கேட்கிறோம், அவனைப் போன்றவர்களுக்காகத்தான் நிறுத்துகிறோம், அவன்தான் ஓட்டுகிறான். அடையாள வேலைநிறுத்தம். எதற்கு அடையாளம்? கோபம் இருக்கிறது என்பதற்கா, கோபம் ஒரே நாளில் தணிந்துவிடும் என்பதற்கா? ஓட்டுப் போட்டால் விரலில் மை வைக்கிறார்களே அதுவும் அடையாளம், ஆஸ்பத்திரிப் பிணவறையில் துணியை விலக்கி இது உங்க ஆளுதானா என்று கேட்கிறார்களே அதுவும் அடையாளம். சே, எதற்கு இப்படிப் புத்தி போகிறது. நேற்று இதே நேரம் அவர் பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்புவதற்காக, போராட்டம் மாபெரும் வெற்றி, மக்கள் பேராதரவு என்று எழுதி முடித்திருந்தார். டிப்போ ஆபீஸில் அதிகாரியும் அதே நேரத்தில், பஸ்கள் வழக்கம்போல் ஓடின, மக்களுக்குப் பாதிப்பு இல்லை என்று எழுதி முடித்திருப்பார். இரண்டு பேரும் நாளைக்கு நடக்கப்போவதை முந்தின நாளே எழுதிவிடுகிறோம், அப்படியானால் நடுவில் இந்த நாள் எதற்கு வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது. இப்படியெல்லாம் கிளைச் செயலாளர் யோசிக்கலாமா? யோசித்துவிட்டு மைக்கைப் பிடிக்க முடியுமா?

பழைய தலைவர் சூசை உயிரோடு இருந்தால் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, மூட்டுவலிக்கு மட்டும்தான் கிடையாது. இந்தா இருக்குல்ல இலங்கை, கடலுக்கு அந்தப் பக்கம், அங்க ஒரே ஒரு நாள் ஹர்த்தாலு, அரிசி விலைய ஏத்துனான்னு சனங்க எல்லாம் நிறுத்திப்போட்டு ரோட்டுக்கு வந்துட்டாவ, பிரதமர் பதவிய விட்டே போயிட்டாரு என்று கையை நீட்டிச் சொல்வார். கை நேராகக் கடலைக் காட்டும். கேட்கிறவனுக்கு அந்தப் பிரதமர் கடற்கரையோரமாக வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடுவது கண்ணில் தெரியும். இதை ஒருநாள் சாப்பிடும்போது பால்துரை ஜெபராஜிடம் சொன்னார். அவன் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சரி அத்தான், அவரு போனாரு, அடுத்தால வந்தவரு என்ன செஞ்சாரு என்று கேட்டான். அது அவருக்குத் தெரியாது. சூசை அதைச் சொன்னதில்லை. ஒரு நாள் என்பது ஒத்திகைடா என்று சமாளித்தார். ஒத்திகையே பாத்துக்கிட்டிருந்தா நாடகம் என்னைக்கு அத்தான், எனக்கு வயசாகுதுல்லா என்றான் அவன். கிரேஸ் சிரித்துவிட்டாள். தம்பி பேச்சுக்கு அக்கா சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் இங்கே, இந்த வெயிலில், காலுக்கடியில் சரளைக்கல் மாதிரி உறுத்துகிறது. ஒன்றுமே கிடைத்ததில்லையா? கிடைத்தது. ஒரு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பெண் கண்டக்டர்களுக்கு டிப்போவில் கக்கூஸ் கட்டினார்கள். அதை அவர் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். அந்தக் கக்கூஸுக்குத் தண்ணீர் வர இன்னொரு ஸ்ட்ரைக் வேண்டியிருந்தது, அதை மட்டும் சொல்வதில்லை. சட்டம், அரசாங்கம், தனியார்மயம் இதெல்லாம் ஒரு பக்கம், கக்கூஸ் ஒரு பக்கம். இவ்வளவு பெரிய தேசத்தை ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பிடித்தால் அது ஒரு அங்குலமாவது நகராதா, நகர்ந்திருக்கும், நமக்குத் தெரியாமல் நகர்ந்திருக்கும், நிறுத்தாமல் இருந்திருந்தால் பஸ்ஸை எப்போதோ விற்றிருப்பார்கள். அல்லது விற்கிற நேரத்தில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்களா? யோசனை இந்த இடத்தில் வந்து வந்து மாட்டிக்கொண்டது. பின்னால் எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தாலும் அதே பள்ளத்தில் போய் விழுந்தது.

ஜெபராஜை நிறுத்தி என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். ஏல, இறங்கு. இல்லை, அது சரிப்படாது, அவனுக்கும் வயசாகிவிட்டது, அவனே சொல்லிவிட்டான். மாப்ள, உனக்காகத்தானே இதெல்லாம். அதற்கு அவன், எனக்காகன்னா என்னய ஓட்டவிடுங்க என்பான். நிரந்தரம் ஆக்குவதாக அதிகாரி வாயால் சொல்லியிருக்கிறார், இன்றைக்கு ஓட்டுகிற தற்காலிக டிரைவர்களுக்கு முதல் இடம் என்று. அது புளுகு என்று பால்துரைக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் ஓட்டுகிறான், ஏனென்றால் புளுகில்கூட அவனுக்கு ஒரு இடம் இருக்கிறது. கிரேஸுக்கு நேற்றே தெரிந்திருக்குமோ? காலையில் புறப்படும்போது காபியை நீட்டியவள் முகத்தைப் பார்க்கவில்லை. போன மாதம் அவள் ஒன்று சொன்னாள், உங்க யூனியனுக்கு நீங்க நல்லவரா இருங்க, எந்தம்பி பிள்ளைகளுக்கு யாராவது ஒருத்தர் நல்லவரா இருக்கணும்லா என்று. இன்றைக்கு பஸ்ஸை நிறுத்தி இவனை இறக்கினால் இவன் வேலை போகும், தன் வீட்டில் அடுப்பு எரியும், ஆனால் கிரேஸ் பேசமாட்டாள். நிறுத்தாவிட்டால் இந்த டிப்போவில் ஸ்ட்ரைக் உடைந்தது, உடைத்தது செயலாளர் வீட்டு ஆள் என்று காலத்துக்கும் நிற்கும். இன்னொரு பயமும் இருந்தது, அதை அவர் பக்கத்தில் வரவிடாமல் நடந்தார். விலக்கில் எவனாவது குடித்துவிட்டு ஒரு கல்லை எடுத்தால்? முன்கண்ணாடி உடைவதை அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். சத்தமே வராது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும், ரோடு காணாமல் போய்விடும், கால் தானாக பிரேக்கைத் தேடும். ஜெபராஜின் கால் சின்ன வயதிலிருந்தே அவசரக் கால். பால்துரை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

விலக்குக்கு முந்தின நிறுத்தத்தில், தகரக் கொட்டகைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு யார் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பது என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அந்தோணிமுத்துவும் அவர் பெண்டாட்டி பாக்கியமும். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தவறாமல் அவர் பஸ்ஸில் வருகிறவர்கள். அந்தோணிமுத்துவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, ஜில்லா ஆஸ்பத்திரியில் மிஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தம் கிடையாது, ஆனாலும் இவர்களுக்காக பால்துரை நிறுத்துவார். கண்டக்டரும் கண்டுகொள்வதில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்பது அவருக்குத் தெரியாதா? ஒரு மாதமாக வாய் ஓயாமல் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்று கோஷம் போட்ட ஆள். அந்த வெள்ளிக்கிழமைக்குள்ளே இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்பது மட்டும் எப்படித் தோன்றாமல் போயிற்று? அவரைக் கண்டதும் பாக்கியம் எழுந்துவிட்டாள். அவர் வந்த திசையை எட்டிப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள், செருப்பெல்லாம் சிவப்பு மண்.

"அண்ணாச்சி, பஸ்ஸ எங்க விட்டுட்டு வாரீய?" என்று கேட்டாள்.

பஸ் இல்லம்மா, இன்னைக்கு ஸ்ட்ரைக்கு, செவ்வாய்க்கிழமையே எல்லாருக்கும் சொன்னேனே என்றார். சொன்னீயளே, கேட்டேனே என்றாள் அவள். அதனால்தான் இறங்கும்போது தனியாக வந்து, வெள்ளிக்கிழமை எங்களுக்கு எப்படி அண்ணாச்சி என்று கேட்டாளாம். அதற்கு அவர், "அப்ப வாரேம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாராம். வாரேன்னு நீங்க சொன்ன பொறவு நான் வேற வண்டிக்குச் சொல்லுவேனா என்றாள். ஊரில் ஒருவர் காரைக்கூட கொடுக்கிறேன் என்றாராம், டிரைவரண்ணாச்சி வாரேன்னு சொல்லியிருக்காவ, எங்களுக்கு மட்டும் வருவாவ என்று இவள் வேண்டாம் என்றுவிட்டாளாம். காலையில் பஸ் கடற்கரைப் பக்கம் போனதை இரண்டு பேரும் பார்த்தார்கள். போகும்போது நிற்கவில்லை, வரும்போது ஏற்றிக்கொள்வார் என்று அப்போதிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரேன். அவர் சொல்லியிருப்பார். எல்லாரிடமும் சொல்வதுதான். போகிறவன் போறேன் என்று சொல்லக்கூடாது, வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெற்ற தாயைக் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பும்போதுகூட அவர் வாய் தன்னாலே வாரேம்மா என்றுதான் சொன்னது. அவள் கேட்டது காதில் விழுந்ததா? விழவில்லை, என்ஜின் சத்தம். இல்லை, விழுந்தது, பாதி விழுந்தது, மீதியைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கிளட்சை மிதித்துவிட்டார். இதில் எது உண்மை என்று கர்த்தருக்குத்தான் தெரியும். அந்தோணிமுத்துவின் காலைப் பார்த்தார். செருப்பின் வார் உள்ளே புதைகிற அளவுக்கு வீங்கியிருந்தது. கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அதன் மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் குடிக்கலாமாம், அதற்கு மேல் போனால் நெஞ்சில் ஏறிவிடும். இன்றைக்கு மிஷின் தவறினால் அடுத்தது செவ்வாய்தான், இடையில் இடம் கொடுக்கமாட்டார்கள் என்றாள் பாக்கியம். பால்துரை போனை எடுத்தார். ஆட்டோ ஸ்டாண்டில் அழைத்தார், எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள், ஒரு ஆட்டோகூட ஓடக்கூடாது என்று நேற்று போய் ஸ்டாண்டில் நின்று பேசியதே அவர்தான், கைதட்டினார்கள், இப்போது எல்லோரும் மண்டபத்தில். கார் கொடுக்கிறேன் என்றவரைப் பாக்கியத்தின் போனில் கூப்பிட்டார்கள், அவர் காலையிலேயே மதுரைக்குப் போய்விட்டார். ஆம்புலன்ஸுக்கு அடித்தால், மயக்கமா, மூச்சுத்திணறலா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றார். அப்படியானால் கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். மயக்கம் வருகிறவரை பொறுப்பதா என்று கத்தவேண்டும்போல இருந்தது, யார் மேல் கத்துவது? அந்தோணிமுத்து மூடியைத் திருகி மூடிவிட்டு, விரோதம் எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்ளுகிற ஆசையில் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"ஒரு நாளு ஓட்டாட்டி அவுக பயந்துருவாவளோ அண்ணாச்சி?"

எத்தனை மேடை, எத்தனை வாயிற்கூட்டம், சூசை கற்றுக்கொடுத்த எத்தனை பதில். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று அரசாங்கம் கேட்கிறது, ஜெபராஜ் கேட்கிறான், அவரே கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு நாளில் என்ன ஆகும் என்பதை அந்தோணிமுத்துவின் கால் சொல்லிக்கொண்டிருக்கிறது. பயந்தா நல்லதுதான் என்று மட்டும் சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தகரம் சுட்டது. அந்தோணிமுத்துவின் உடம்பிலிருந்து ஒரு வாடை வந்தது, வெளியே போகவேண்டியது போகாமல் தேங்கிய உடம்பின் வாடை. வாரத்துக்கு இரண்டு நாள் இந்த மனுஷன் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார், கண்ணாடியில் பார்த்தால் எப்போதும் வெளியே பனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வாடை தனக்கு எட்டியதே இல்லை என்று நினைத்தபோது பால்துரைக்கு வெட்கமாக இருந்தது. பஸ் வரும். அதுதான் இப்போது பெரிய தொல்லை. பஸ் வரத்தான் போகிறது, வரக்கூடாது என்று அவர் புறப்பட்டு வந்த பஸ், வரவேண்டுமே என்று அவரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பஸ். விலக்கில் எவனாவது இதற்குள் கல்லைக் கில்லை எடுத்து மறித்திருந்தால்? மாதாவே, மறித்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு முந்தி எதை மறிக்க நடந்தாரோ அதை வேறு யாரும் மறித்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். சூசை இருந்தால் காறித் துப்பியிருப்பார். அல்லது துப்பமாட்டாரோ? சூசைக்கும் கடைசியில் ஆஸ்பத்திரி பஸ் தேவைப்பட்டதுதானே.

சத்தத்தை வைத்தே தெரிந்தது, அவர் வண்டிதான். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ஒரு கனைப்பு கனைக்கும். விலக்கைத் தாண்டிவிட்டது, கண்ணாடி முழுசாக இருக்கிறது. அவர் எழுந்துபோய் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். பஸ் வந்தது, நிற்பதுபோலத் தெரியவில்லை, அப்புறம் நின்றது, முகத்தில் அனல் அடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில். மேலே ஜெபராஜின் முகம், வேர்த்து ஊற்றிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து. அவனைப் பார்த்ததும் பால்துரைக்குக் கோபம் வரவில்லை, உசிரோடு இருக்கிறானே என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். பின்னால் இருக்கை இருக்கையாகக் கண்ணை ஓட்டினார். ஒரு ஆள் கிடையாது. கண்டக்டர்கூடக் கிடையாது.

"ஒதுங்குங்க அத்தான்," என்றான் ஜெபராஜ். "ஆளேத்த எனக்கு உத்தரவு இல்ல."

பின்ன என்ன மயிருக்கு ஓட்டுத என்று கேட்டார். ஓட்டச் சொன்னாவ, ஓட்டுதேன் என்றான். கடற்கரைக்குப் போ, அங்கே நின்று வெயில் ஏறினதும் திரும்பி வா, மறுபடி போ, மறுபடி வா. நடுவில் நிறுத்தாதே, ஆளை ஏற்றி எவனாவது கல்லெறிந்தால் வம்பு, வண்டி ரோட்டில் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். டீசலைக் குடித்துக்கொண்டு காலியாக ஓடுகிற பஸ். பனைமரம் பார்ப்பதற்காக ஓடுகிற பஸ். பால்துரைக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று நெஞ்சில் கிளம்பியது. ஒரு நாள் ஸ்ட்ரைக் ஒன்றுமே இல்லை என்றால் இவர்கள் எதற்கு இப்படிக் காலி பஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும், பயந்துதான் போயிருக்கிறார்கள், அந்தோணிமுத்து அண்ணாச்சி, நீங்க கேட்டீயளே, பயந்துதான் இருக்காவ என்று கத்திச் சொல்லத் தோன்றியது. திரும்பிப் பார்த்தார். அந்தோணிமுத்து ஒரு கையால் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை, பாக்கியம் அக்குளில் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் பயம், அரசாங்கத்தின் பயம், அதற்கு நடுவில் ஒரு மனுஷன் எழுந்து நிற்கத் திணறுகிறார். கிளம்பின சிரிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது. ஜெபராஜ் பக்கம் திரும்பி, இவுகள ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிடு என்றார்.

"நீங்களா சொல்லுதிய?"

"நாந்தான் சொல்லுதேன்."

ஜெபராஜ் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். அவனுக்கு வேலை போய்விடும் என்கிற பயம், போலீஸ்காரர் பக்கத்தில் இருக்கிறாரே என்கிற பயம், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. அதற்கடியில் வேறு ஒன்றும் இருந்தது, இத்தனை நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாங்கிய பேச்சுக்கெல்லாம் ஒரு கணக்கு. "நாளைக்கு டிப்போல கேப்பாவ அத்தான். கிளைச் செயலாளர் சொல்லித்தான் ஆளேத்துனேன்னு சொல்லவா?" என்று கேட்டான். உள்ளுக்குள் அந்தக் குரல் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. சனியன், வேண்டிய நேரத்தில் இருக்காது. மண்டபத்து மேடையில் படுத்திருக்கிற அத்தனை முகமும் வந்தது, பொருளாளரின் மூக்கு வந்தது, நேற்று எழுதிக்கொடுத்த மாபெரும் வெற்றி வந்தது.

"சொல்லு," என்றார்.

அந்தோணிமுத்துவை அவர்தான் தூக்கி ஏற்றினார். பஸ்ஸின் படி இவ்வளவு உயரம் என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது. வீங்கின காலை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் போலீஸ்காரர் இறங்கி முன்னால் போய் நின்று போனை உயர்த்தினார். பயணிகளோட ஒரு படம் கேட்டு காலையில இருந்து உசிர வாங்குறாங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க என்றார், நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். பால்துரை முகத்தைத் திருப்பியிருக்கலாம். திருப்பினால் கை வழுக்கும், இரண்டு கையும் அந்தோணிமுத்துவின் முதுகுக்கடியில் இருந்தது. பஸ்கள் வழக்கம்போல் ஓடின. பயணிகளை ஏற்றிவிடும் தொழிற்சங்கச் செயலாளர். நாளைக்குப் படம் நன்றாக விழும், வெளிச்சம் எதிரே இருக்கிறது.

நீங்களும் ஏறுங்க அத்தான், வெயிலு மண்டையப் பிளக்குது என்றான் ஜெபராஜ். அவன் குரலில் இப்போது கணக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக் குரல். வேண்டாம், நீ போ என்று அவர் ரோட்டோரத்துக்கு ஒதுங்கினார். என்ஜின் உறுமியபோது பாக்கியம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, சாயந்தரம் திரும்பி வர பஸ் இருக்குமா?"

ஜெபராஜ் வண்டியை எடுக்காமல் இருந்தான். பக்கக் கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. அவனும் காத்திருந்தான். அத்தான் ஒரு தலையாட்டு ஆட்டினால் சாயந்தரம் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவான், அதற்குப் பிறகு வழியில் கை காட்டுகிறவர்களையும் ஏற்றுவான், அவன் மனசு அப்படி. அத்தோடு இந்த ஊரில் இந்த வெள்ளிக்கிழமை முடிந்தது. மண்டபத்தில் கிடக்கிறவர்கள் எதற்காகக் கிடக்கிறார்கள், துறைமுகத்தில், பேங்கில், எங்கெங்கேயோ முகம் தெரியாதவர்கள் எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்து அனுப்பிவிடலாம் என்று வாய் திறந்தது. சமாளித்ததில்தான் இவள் காலையிலிருந்து தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"இருக்காதும்மா," என்றார். "ராத்திரி வரைக்கும் ஸ்ட்ரைக்கு. நாளைக்குக் காலையிலதான் பஸ்ஸு."

பாக்கியம் ஒரு கணம் யோசித்தாள். புருஷனிடம் திரும்பி என்னமோ சொன்னாள், அவர் தலையை ஆட்டினார். சரி அண்ணாச்சி, ஸ்ட்ரைக்குன்னா இருக்காதுதான, அங்கனயே வராந்தாவுல படுத்துக்கிடுதோம் என்றாள். கோபமே இல்லை. இத்தனை வருஷமாக அரசாங்கத்துக்குப் புரியவைக்கத்தான் நிறுத்துகிறார்கள், ஒரே சொல்லில் புரிந்துகொண்டது அவள்தான். பஸ் கனைத்துக்கொண்டு மூன்றாவது கியருக்குப் போய் ஏற்றத்தில் மறைந்தது. பால்துரை துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, யாரும் இல்லாத ரோட்டில் நின்று அழுதார்.